தம் கட்டிய எஞ்சின்

இழுவை வின்ச்சின் கம்பி ஒரு தடவை முனகியது. அப்புறம் ஆறு விட்டுக்கொடுத்தது.

முதலில் வெளியே வந்தது ஒரு கைப்பிடி. அதன் பின்னால் வில்லோ மர வேர்களைச் சுற்றிக்கொண்ட முன்சக்கரம். அதற்கும் பின்னால், சிவப்பு என்று யாராவது சொன்னால்தான் நம்பக்கூடிய உடம்பு. நான்கு சக்கரங்களும் கரையேறியதும் அந்தக் குவாட் பைக், குளிப்பாட்டிய நாயைப் போல, நின்ற இடத்திலேயே ஒழுகியது.

"பாஸ், ஆள் கிடைச்சாச்சு," என்று வின்ச்சை நிறுத்தினான் ஃபெர்கஸ். "உயிர் இருக்கான்னுதான் பாக்கணும்."

ரேவா கரைட்டியானா பைக்கைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தாள். போலீஸ் வேலையை உதறிவிட்டு வின்ட்டன் என்ற சின்ன டவுனில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள், ஐம்பது வயது. எதையும் தொடுவதற்கு முன் முழுசாகப் பார்த்துவிடுவாள். அவளுடைய உதவியாளன் ஃபெர்கஸ் பேர்ட் நேர் எதிர். தொட்ட பிறகுதான் பார்ப்பான். கைதேர்ந்த மெக்கானிக். மூன்று ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து, மூன்றிலும் வாயால் வேலை போனவன்.

"தள்ளு, தள்ளு." முழங்கால்வரை போட்டிருந்த ரப்பர் பூட்ஸைச் சேறு சப்பென்று உறிஞ்ச, மேட்டிலிருந்து இறங்கி வந்தார் பண்ணைக்காரர் மர்டோ கில்லாண்டர்ஸ். எழுபது தாண்டியும் நடையில் அவசரம் குறையாத மனிதர். "சாவி அதுலயேதான் இருக்கு. திருகு பையா, கிளம்புதான்னு பாப்போம்."

ஃபெர்கஸ் சாவியைக் கையால் மூடிக்கொண்டான். "திருகினா அப்புறம் பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது பெரியவரே. உள்ள தண்ணி நின்னா பிஸ்டன் போய் அதுல முட்டும். காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. ராடு வளைஞ்சுரும். முங்கி எழுந்தவனை உடனே பந்தயத்துல ஓடச் சொல்லக் கூடாது."

"இது தானா முங்கலை. முக்கினது. எவன்னும் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் எங்களைத் தேட விட்டீங்களே. நல்ல மனசு உங்களுக்கு."

மர்டோ முறைத்தார். ரேவா தொண்டையைச் செருமினாள். அவர்களைத் தேட விட்டது மர்டோ அல்ல. அவர் சந்தேகப்பட்ட ஆளின் மனைவி.

செவ்வாய்க்கிழமை காலை கொட்டகையில் நின்ற பைக்கைக் காணோம். அன்று இரவு பெய்த மழையில் ஆறு கரை புரண்டது. பண்ணையில் பால் கறக்கும் ரோடெல் மக்பனுவாவைக் கூப்பிட்டு, காலைக் கறவைக்கு அப்புறம் எங்கே போயிருந்தாய் என்று மர்டோ கேட்டார். "சொல்ல முடியாது சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான் ரோடெல். மர்டோவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. திங்கட்கிழமையோடு வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ரோடெலின் விசா இந்தப் பண்ணையின் பெயரில் இருந்தது. வேலை போனால் வீடும் போகும், நாடும் போகும். அவன் மனைவி மாரிவிக் ரேவாவின் ஆபீஸுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் சொன்னாள்: "அவர் திருடலை அக்கா. ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கிறார். அவருக்குப் பதிலா நீங்க பேசுங்க."

இன்று வெள்ளி. ஆறு வடிந்ததும், வளைவில் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியின் நுனி ஃபெர்கஸின் கண்ணில் பட்டது.

"ஓட்டிக்கிட்டுப் போய் ஆத்தைத் தாண்டப் பாத்திருக்கான்," என்றார் மர்டோ. "நடுவுல மாட்டிக்கிச்சு. குதிச்சு ஓடிட்டான். இதுக்கு மேல என்ன துப்பு வேணும்?"

"கழுவிப் பாத்துட்டு சொல்றோம்," என்றாள் ரேவா. "உங்க கொட்டகையைக் கொஞ்சம் குடுங்க. நீங்க போய் டீ குடிங்க."

"என் கொட்டகைல நான் நிக்கக் கூடாதா?"

"நிக்கலாம். இவன் பேசிக்கிட்டேதான் வேலை செய்வான். உங்களுக்கு ஓகேவா?"

மர்டோ ஃபெர்கஸை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். டீ குடிக்கப் போய்விட்டார்.

*

கொட்டகையில் வைத்துக் குழாய்த் தண்ணீரால் சேற்றைக் கழுவினார்கள். ஃபெர்கஸ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, சற்று ஒதுங்கி நின்று, ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்தான்.

"துண்டு எதுக்கு?" என்றாள் ரேவா.

"ஓடிக்கிட்டே முங்கின எஞ்சின் ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கும் பாஸ். இப்ப இழுத்தா பிளக் ஓட்டை வழியா பீய்ச்சி அடிக்கும். போன தடவை ஒரு பண்ணைல என் மூஞ்சில அடிச்சு, அதுல ஒரு குட்டி மீனே வந்துச்சு."

"பொய்."

"மீன் பொய். மூஞ்சில அடிச்சது நிஜம்."

இழுத்தான். புஸ் என்று காற்று வந்தது. மறுபடி இழுத்தான். மறுபடியும் காற்று. ஃபெர்கஸ் துண்டை அவிழ்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். "காஞ்சு கிடக்கு."

எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துணியில் தடவினான். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் பால் விட்ட காபி மாதிரி வெளுத்திருக்கும். இது தேன் நிறத்தில் சுத்தமாக வழிந்தது.

"கியர்?" என்று கேட்டாள் ரேவா.

"நியூட்ரல். சாவி ஆஃப்ல. பெட்ரோல் குழாயும் மூடியிருக்கு." அவன் நிமிர்ந்தான். "ஆத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டுக் குதிச்சு ஓடினவன், அதுக்கு முன்னாடி பெட்ரோல் குழாயை மூடி, கியரை எடுத்து, சாவியைத் திருப்பிட்டுக் குதிச்சானாம். ரொம்ப ஒழுக்கமான திருடன்."

"ஓட்டிட்டுப் போகலை. தள்ளி இறக்கியிருக்காங்க. சரி, நாலு நாள் ஆத்துக்குள்ள கிடந்தும் தண்ணி எப்படி உள்ள போகலை?"

ஃபெர்கஸ் கைப்பிடிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான். அவன் பேசாமல் இருந்ததால் ரேவா அருகில் வந்தாள்.

எஞ்சின் மூச்சிழுக்கும் குழாயின் வாயில், பால் கறக்கும்போது போடும் நீல நிறக் கையுறை ஒன்று இழுத்து மாட்டப்பட்டிருந்தது. ஐந்து விரல்களும் உள்பக்கம் உறிஞ்சப்பட்டுச் சுருங்கியிருந்தன. கழுத்துப் பகுதியில் கறுப்பு ரப்பர் வார் ஒன்று பலசுற்று சுற்றி, நுனி கீழே செருகி, இறுகக் கட்டப்பட்டிருந்தது. எஞ்சினிலிருந்து வந்த மெல்லிய குழாய்கள் ஒவ்வொன்றையும் மடக்கி, அதே மாதிரி வாரால் கட்டியிருந்தார்கள்.

"மூக்கைப் பொத்தி முக்கியிருக்காங்க பாஸ்."

"புகைக்குழாயைப் பாரு."

அதன் வாயில் சேறு அப்பியிருந்தது. சேற்றைச் சுரண்டினால் உள்ளே வழவழவென்று வெள்ளை மெழுகு, விளிம்பு வரை உருக்கி ஊற்றியிருந்தார்கள். ஃபெர்கஸ் அதைக் கட்டியாகப் பெயர்த்து எடுத்தான். ரேவா வாங்கி முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்ன வாசனை?"

"அப்புறம் சொல்றேன்."

"நான் துண்டெல்லாம் கட்டிக்கிட்டு நின்னேன். எனக்குக் கொஞ்சம் முன்னாடியே சொல்லலாம்."

"ஃபெர்கஸ், ஒருத்தர் மேல கோவத்துல அவர் பைக்கை ஆத்துல தள்றவன் என்ன செய்வான்?"

"ஓட விட்டுத் தள்ளுவான். முடிஞ்சா பெட்ரோல்ல சர்க்கரையும் போடுவான்."

"இவங்க பைக் காணாமப் போகணும்னு நினைச்சிருக்காங்க. ஆனா சாகக் கூடாதுன்னும் நினைச்சிருக்காங்க. பார்த்துப் பார்த்து முக்கியிருக்காங்க." அவள் அந்தக் கறுப்பு வாரில் ஒன்றை அவிழ்த்துக் கையில் எடுத்தாள். "இது என்ன?"

"பழைய டயர் டியூபை வெட்டினது. இந்த ஊர்ல வேலில இருந்து கால்சட்டை வரைக்கும் எல்லாத்தையும் வைக்கோல் கட்டற கயித்தாலதான் கட்டுவாங்க. எங்கப்பா கல்யாணத்துக்கே அதைத்தான் பெல்ட்டா போட்டாரு. டியூப் வாரை இங்க யாரு தேடப் போறா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நீ பைக்கைக் காய வை. பக்கத்துல ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்துருவோம்."

ஃபெர்கஸ் பழைய எண்ணெயை வடித்துப் புதுசு ஊற்றினான். கார்புரேட்டர் கிண்ணத்தைத் துடைத்தான். செத்துப்போன பேட்டரியைச் சார்ஜில் மாட்டி, ஒயர்களின் பக்கம் ஹீட்டரைத் திருப்பி வைத்தான்.

*

தொழிலாளி வீட்டில் மாரிவிக் அவர்களை நிற்க விடவில்லை. பூண்டு போட்டு வதக்கிய சோறு, மேலே பொரித்த முட்டை. ஃபெர்கஸ் முதல் தட்டை முடித்து, இரண்டாவதை வேண்டாம் என்று சொல்லத் தொடங்குவதற்குள் அது அவன் முன்னால் வந்துவிட்டது.

"ஏதாவது தெரிஞ்சுதா அக்கா?"

"கொஞ்சம் தெரிஞ்சுது. ரோடெல் எங்க?"

"கன்னுக்குட்டிக்குப் பால் குடுக்கறார். போகச் சொன்ன பண்ணைக்கு இன்னும் உழைச்சுக் கொட்டறார். நான் பேசறதை நிறுத்திட்டேன். அவர் பேசறதை முன்னாடியே நிறுத்திட்டார். வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

ரேவா சன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தாள். துணி காயும் கம்பியின் இரண்டு முனைகளிலும் கறுப்பு ரப்பர் வார். தக்காளிச் செடிக்கு ஊன்றிய குச்சிகளில் கறுப்பு ரப்பர் வார். கோழிக்கூட்டின் கதவிலும் பலசுற்று சுற்றி, நுனி கீழே செருகிய அதே கட்டு.

"கோழிக்கூடு நல்லா இருக்கு. யார் கட்டினது?"

"அவர்தான்," என்றாள் மாரிவிக் பெருமையை மறைக்காமல். "பழைய டியூப் எங்க கிடைச்சாலும் எடுத்துட்டு வந்துருவார். எங்க ஊர்ல எதையும் இதாலதான் கட்டுவோம். அவர் கட்டினா அவரேதான் அவிழ்க்கணும்."

ஃபெர்கஸின் முள்கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. ரேவா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். அவன் சாப்பிட்டான்.

வெளியே வந்து வேலியைத் தாண்டும் வரை பொறுத்துக்கொண்டிருந்தவன் அப்புறம் வாயைத் திறந்தான். "பாஸ், இதை நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு சொல்லுங்க. ரோடெல் குத்தவாளி இல்லைன்னு நிரூபிக்க அவன் பொண்டாட்டி நம்மைக் கூப்பிட்டா. நாம வந்து, ஆத்தைக் கலக்கி, பைக்கை எடுத்து, அவன்தான் குத்தவாளின்னு சந்தேகமே இல்லாம நிரூபிச்சிருக்கோம். நடுவுல அவ கையால ரெண்டு தட்டு சோறும் தின்னிருக்கோம்."

"ரெண்டு தட்டு நீ தின்ன."

"சந்தேகத்தோடயாவது விட்டிருக்கலாம். மர்டோ தானா தப்பா நினைச்சுக்கிட்டிருந்தாரு. இப்ப சரியா நினைப்பாரு."

"அவன் தனியா செய்யலை." ரேவா கைக்குட்டையைப் பிரித்து மெழுகுக் கட்டியை அவன் மூக்கின் கீழே நீட்டினாள். "இப்ப சொல்லு."

ஃபெர்கஸ் முகர்ந்தான். கண்ணைச் சுருக்கினான். "ராஸ்ப்பெரி?"

"காலைல மர்டோவோட பெரிய வீட்டுல நமக்கு டீ குடுத்தப்ப ஒரு பாட்டில் ஜாமை நீதான் காலி பண்ணின. அந்த பாட்டில் வாயை எதால மூடியிருந்தாங்க?"

ஃபெர்கஸ் நின்றுவிட்டான். "மெழுகால," என்றான் மெதுவாக. "எடுத்த மெழுகை எல்லாம் அந்த வீட்டம்மா ஒரு சட்டில போட்டாங்க. மறுபடி உருக்கறதுக்கு."

"அதேதான். வா. ரோடெலையும் கூப்பிடு."

*

பெரிய வீட்டுச் சமையலறையில் மர்டோ இரண்டாவது கோப்பை டீயில் இருந்தார். அவர் மனைவி எய்ல்சா அடுப்பிலிருந்து சீஸ் ரோல் தட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். ரோடெல் கதவருகே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். கூப்பிடாமலே வந்திருந்த மாரிவிக் அவனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஃபெர்கஸ் பைக்கைக் கொட்டகையிலிருந்து முற்றத்துக்குத் தள்ளிவரப் போய்விட்டான்.

"என்ன, ஒத்துக்கிட்டானா?" என்றார் மர்டோ.

ரேவா அலமாரியிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் பக்கத்தில் மெழுகுக் கட்டியை வைத்தாள். அதன் பக்கத்தில் டியூப் வாரை.

ரோடெல் வாரைப் பார்த்தான். எய்ல்சா மெழுகைப் பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்து, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார்.

"பையனை விடு மர்டோ. உன் பைக்கை முக்கினது நான்."

"என்னது?"

"ரோடெல் தள்ளினான். தள்ளச் சொன்னது நான்தான். முட்டி அளவு தண்ணி இருக்கற இடமா பாத்துத்தான் இறக்கினோம். ராத்திரி அப்படி ஒரு மழை வரும்னு நான் கண்டேனா?"

மர்டோ டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "என் பைக்கை. நீ."

"சாவியை எத்தனை தடவை ஒளிச்சு வெச்சேன்? ஸ்க்ரூடிரைவரை விட்டு ஸ்டார்ட் பண்ணின. பெட்ரோலைக் கொட்டினேன். புல்வெட்டற மெஷின்ல இருந்து உறிஞ்சி ஊத்திக்கிட்ட, ரெண்டு நாள் வாய் நாறிச்சு. வேற என்ன பண்ணச் சொல்ற?"

"எதுக்குடி பண்ணணும்? நல்லாத்தானே இருக்கேன்."

எய்ல்சா ரோடெலைப் பார்த்தார். ரோடெல் தொப்பியைத் திருகினான். "சார், நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்க. நான் அம்மாகிட்ட சொல்லிட்டேன். மன்னிச்சுருங்க. போன மாசம் கீழ் வயல்ல பைக் தனியா ஓடிக்கிட்டிருந்துது. நீங்க கால்வாய்ல கிடந்தீங்க. முகம் தண்ணிக்குள்ள."

மர்டோ மனைவியின் பக்கம் பார்க்காமல் கோப்பையைச் சுற்றினார்.

"அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை மயங்கினதை நானே பாத்தேன்," என்றார் எய்ல்சா. "டாக்டர்கிட்ட போன்னா, அவன் சின்னப் பையன், அவனுக்கென்ன தெரியும்னு சொல்ற. ரோடெல் மேல நீ பழி போட்டப்பவே உண்மையைச் சொல்ல வந்தேன். இவன்தான் தடுத்தான். பைக் ஆத்துல இருக்குன்னு தெரிஞ்சா அன்னிக்கே எடுத்து மறுபடி ஏறிடுவாரு, ஞாயிறு வரைக்கும் பொறுங்க, அதுக்குள்ள எப்படியாவது டாக்டர்கிட்ட போக வெச்சுருங்கன்னான். தன் வேலையே போகுதுன்னு தெரிஞ்சும் சொன்னான். நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அது தப்பு. மாரிவிக், நீ என்னை எவ்வளவு வேணா திட்டலாம்."

"முதல்ல இவரை முடிச்சுட்டு வரேன்," என்றாள் மாரிவிக், கணவனின் முதுகைப் பார்த்தபடி. ரோடெல் திரும்பிப் பார்க்கவில்லை.

மர்டோ மெழுகுக் கட்டியைக் கையில் எடுத்து உருட்டினார். "முக்கறதுன்னா முக்கிட வேண்டியதுதானே. இதை எதுக்கு வெச்சு அடைச்ச?"

"உனக்குப் பிடிச்ச பைக். அதைக் கொல்லணும்னு எனக்கில்லை." எய்ல்சாவின் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் பிசிறியது. "நீ சாகக் கூடாதுன்னுதான்."

முற்றத்தில் ஃபெர்கஸ் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தான். ஓர் இருமல். மூன்றாம் இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் தடுமாறி, பிறகு சீராக, நாலு நாள் ஆற்றில் கிடந்ததற்கு அடையாளமே இல்லாத குரலில் ஓடியது.

மர்டோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் அவர் முகம் வெளுத்தது. கை மேசை விளிம்பைத் தேடித் தவறியது. ஜாம் பாட்டில் உருண்டது. யார் நகர்வதற்கும் முன்னால் ரோடெல் அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தாங்கியிருந்தான். அவரை மெல்ல உட்கார வைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மர்டோ கேட்டார், தரையைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்குக் கால்வாய்ல. என்னை எப்படித் தூக்கின?"

"தூக்க முடியலை சார். ரொம்ப கனம். திருப்பிப் போட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

"நான் கண்ணைத் திறந்ததும் என்ன சொன்னேன்?"

ரோடெல் தயங்கினான். "கேட்டைத் திறந்து போட்டுட்டு வந்துட்டியா முட்டாளேன்னு கேட்டீங்க."

"திறந்தா போட்டிருந்த?"

"ஆமாம் சார்."

மர்டோ நீளமாக மூச்சு விட்டார். வாசல் வழியாக எஞ்சின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. "அந்தப் பையனை அதை நிறுத்தச் சொல்லுங்க," என்றார் ரேவாவிடம். "பெட்ரோல் வீணாகுது." பிறகு ரோடெலிடம், "பிக்கப்பை எடு. டவுனுக்குப் போவோம். அந்தச் சின்னப் பையன் டாக்டர் என்னதான் சொல்றான்னு பாப்போம்."

"இன்னிக்கேவா சார்?"

"வேற எப்ப? ஏன், திங்கட்கிழமை உனக்குக் கறவை இல்லையா? வேலையை யார் செய்வா?"

மாரிவிக் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

முற்றத்தில் எஞ்சின் நின்றது. ஃபெர்கஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, உருண்ட பாட்டிலையும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். "நான் எதையாவது தவற விட்டுட்டேனா பாஸ்?"

"எல்லாத்தையும்."

"சீஸ் ரோல் இருக்கில்ல?"

வெளியே மர்டோ பழக்கத்தில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். அங்கே ரோடெல் உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மர்டோ கதவைச் சாத்திவிட்டு, வண்டியை ஒரு கையால் தடவியபடியே சுற்றி நடந்து, மறுபக்கம் ஏறிக்கொண்டார். வண்டி முற்றத்தைத் தாண்டுவதற்குள்ளேயே அவர் குரல் தொடங்கிவிட்டது. கிளட்சை முழுசா மிதி. மேட்டுல ரெண்டாவது கியர். பள்ளம் தெரியலையா உனக்கு.

எய்ல்சா வாசலில் நின்று, அந்தக் குரல் வில்லோ வளைவைத் தாண்டி மங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அது முழுசாக ஓய்ந்த பிறகுதான் உட்கார ஒரு நாற்காலியைத் தேடினார்.